இரைப்பைக்குள் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது?

தென்கொரியாவில் 40 வயது தாண்டியவர்களை அரசே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரைப்பைப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைக்கிறது. ஜப்பானில் 50 வயதிலிருந்து, அதே இடைவெளி. இந்தியாவிலோ அமெரிக்காவிலோ தொந்தரவு ஏதும் இல்லாத எல்லோருக்குமான திட்டம் கிடையாது. கிழக்காசியாவில் இந்நோய் மிக அதிகம். குறைவாக உள்ள நாட்டில் எல்லோருக்கும் எண்டோஸ்கோப்பி (வாய்வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்தால் கண்டுபிடிப்பது சொற்பம், இரத்தக்கசிவும் மயக்கமருந்துச் சிக்கலும் தேவையற்ற சதைப் பரிசோதனையும்தான் கூடும்.

சரி, ஏன் இரண்டு ஆண்டு? பெரும்பாலும் எல்லாம் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியில் தொடங்குகிறது. உள்சவ்வு அழற்சி, சவ்வு மெலிதல், அது குடல் சவ்வைப் போல மாறுதல், பிறகு செல்கள் தாறுமாறாதல்: இந்தப் படிகளைக் கடக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். புற்று தோன்றிய பிறகு அவ்வளவு அவகாசம் இல்லை. மேல்சவ்வோடு நிற்கும்போது பிடித்தால் பலருக்கு வயிற்றைத் திறக்காமல், எண்டோஸ்கோப் வழியாகவே சீவி எடுத்துவிடலாம். அந்தக் கட்டத்தைத் தவறவிடாத இடைவெளிதான் தேவை. ஆனாலும் சுவருக்குள்ளேயே பரவும் ஒரு வகை, இரண்டு ஆண்டுக் கணக்கையும் ஏய்த்துவிடும்.

நம்மூரில் வயதைவிட ஆபத்தைப் பார்த்து முடிவெடுப்பதே சரி. சவ்வு மெலிவு பரவலாக இருந்தால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. கூடவே பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் வந்திருந்தால் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை. இந்நோயைப் பரம்பரையாகக் கொண்டுவரும் சிடிஹெச்1 மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் பார்த்தாலும் போதாமல் போகலாம். இரைப்பையையே எடுத்துவிடச் சொல்வதுண்டு.

கிருமி இருக்கிறதா என்று அறிய மூச்சுப் பரிசோதனை போதும். காலையில் வெறும் வயிற்றில் பலரும் போடும் பான்டோபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், ஆன்டிபயாட்டிக்கை நான்கு வாரம். இல்லாவிட்டால் அடங்கிக் கிடக்கும் கிருமி ‘இல்லை’ என்றே முடிவு காட்டும். கிருமியை ஒழித்தால் ஆபத்து குறையும். முன்பே மெலிந்த சவ்வுக்குக் கண்காணிப்பு தொடர வேண்டும்.

எண்டோஸ்கோப்பியின் தரமும் முக்கியம். ஆறு மணி நேரம் திட உணவு கூடாது. நுரையும் சளியும் மூடியிருந்தால் தட்டையான சிறு புற்று கண்ணில் படாது. அதனால் நுரை கரைக்கும் சிமெதிகோன் தருவார்கள். நிதானமாகப் பார்க்க ஏழு நிமிடமாவது வேண்டும்.

விழுங்கச் சிரமம், கருப்பு மலம், காரணமில்லாத எடைக்குறைவு, இரத்தசோகை இருந்தால் இந்த இடைவெளிக் கணக்கு எதுவும் பொருந்தாது. போன வருடப் பரிசோதனை சுத்தமாக இருந்திருந்தாலும் உடனே மறுபடி பார்க்க வேண்டும்.