கூடு தாங்கும் மரம்

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில் இருக்கிறது கூந்தன்குளம். அங்கே குளத்து மரங்களில் மட்டுமல்ல, ஊருக்குள் வீட்டு மரங்களிலும் நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். பங்குனி வாக்கில் அந்த மரங்களைப் பார்த்தால் இலையெல்லாம் சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெளுத்திருக்கும். நுனிக்கிளைகள் முறிந்து மொட்டையாக நிற்கும். குஞ்சுகள் பறந்துபோய், நல்ல மழை ஒன்று பெய்தால் மரம் மறுபடி துளிர்க்கும். சில மரங்கள் துளிர்ப்பதில்லை. பறவைக்காக மரம் நடப் புறப்படும் ஊர் இளைஞர்கள் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். நீர்ப்பறவைகள் குடியேறிய மரம் ஆண்டுக்காண்டு தேய்ந்துகொண்டே வரும். ஒரு விழா நாளில் நட்டு முடித்துவிட்டுப் போகிற வேலை அல்ல இது.

மரம் ஏன் தேய்கிறது? பறவை எச்சத்தில் இருக்கும் வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம். அது நைட்ரஜன் நிறைந்த பொருள். மண்ணில் உள்ள நுண்ணுயிரிகள் அதை முதலில் அம்மோனியாவாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அளவோடு இருந்தால் இதுவே உரம். வேடந்தாங்கல் மக்கள் இதை நெடுங்காலமாக அறிந்தவர்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-ல் பறவைகளைக் காக்கும் உரிமைக்குக் கவுல் (எழுத்துமூல உறுதி) வாங்கினார்கள். எச்சம் கரைந்த ஏரிநீர் பாயும் வயலில் பயிர் செழிக்கும் என்பது அவர்கள் கண்ட கணக்கு. ஆனால் ஒரே மரத்தடியில் மாதக்கணக்கில் எச்சம் கொட்டினால் மண்ணில் உப்பு ஏறி, வேர் கருகும். மேலே இலைமீது படியும் வெள்ளை வெயிலை மறைப்பதால் இலை உணவு தயாரிப்பதும் குறைகிறது. போதாததற்குக் கூடு கட்டும் பறவைகள் பச்சைக் குச்சிகளையும் ஒடித்து எடுக்கின்றன.

தண்ணீருக்குள் நிற்கும் மரத்துக்கு இதில் ஒரு சலுகை உண்டு. கீழே விழும் எச்சம் வேரடியில் தேங்காமல் குளம் முழுக்கக் கரைந்துவிடும். ஆகவே நிலத்து மரத்தைவிடக் குளத்து மரம் அதிக நாள் தாக்குப்பிடிக்கும். பறவைக்கோ தண்ணீர்தான் அகழி. காட்டுப்பூனையும் நரியும் தெருநாயும் நீந்திப்போய் மரத்தை நெருங்குவது அரிது. குஞ்சுகள் பறக்கும் முன்பே குளம் வற்றிவிட்டால் இந்தக் காவல் போய்விடும். தவறி விழும் குஞ்சு நாய்க்கு இரையாகும். கூழைக்கடா முட்டையை ஒரு மாதம் அடைகாத்து, அதன்பின் ஏறக்குறைய நான்கு மாதம் குஞ்சை வளர்க்கிறது. அதனால் மரம் நடும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, ஐப்பசியில் அங்கே தண்ணீர் வருமா என்பதல்ல, சித்திரையிலும் நிற்குமா என்பது.

அடுத்தது சுமை. ஒரு கூழைக்கடா 4 முதல் 6 கிலோ எடை இருக்கும். வளர்ந்த குஞ்சுகள் இரண்டும் பெரிய பறவை ஒன்றும் கூட்டில் நின்றால் 15 கிலோவை நெருங்கும். பத்துக் கூடு உள்ள மரத்தின் உச்சிக்கிளைகள், காற்றிலும் மழையிலும், 150 கிலோவைத் தாங்க வேண்டும். கூடு என்பது கிண்ணம் போலப் பின்னியது அல்ல. குச்சிகளை அடுக்கிய தட்டு. கிளைகள் குடைபோலப் பரந்து, கவைகள் நிறைய இருந்தால்தான் அந்தத் தட்டு நிற்கும். நாட்டுக்கருவேலத்தை நாரைகள் விரும்புவதற்கு இதுவே காரணம். உச்சி தட்டையாக விரிகிறது, கிளை வலுவானது, முள் இருப்பதால் அடுக்கிய குச்சி வழுக்குவதில்லை. பெரிய பறவைகள் உச்சியைப் பிடித்துக்கொள்ளும். நீர்க்காகமும் கொக்கும் நடுக்கிளைகளில் அமரும், வக்கா உள்ளே நிழலுக்குள் ஒதுங்கும். ஒரே மரம் இப்படி அடுக்குமாடியாகப் பயன்படும். நேராக நெடுநெடுவென்று வளரும் மரத்தை எத்தனை ஆயிரம் நட்டாலும் இந்தப் பறவைகளுக்குப் பயன் குறைவு. கன்றின் எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படும் அறிக்கைகளில் மரத்தின் வடிவத்தைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

குளத்துக்குள் நட இரண்டு மரங்களை நம்பலாம். ஒன்று நாட்டுக்கருவேலம். 1980-களில் சுவீடன் அரசின் உதவியோடு நடந்த சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் தமிழகக் கண்மாய்களில் இது பெருமளவில் நடப்பட்டது. விறகுக்காக நட்ட அந்தத் தோப்புகளில் பிறகு பறவைகளும் குடியேறின. இன்னொன்று வேடந்தாங்கலின் கடப்ப மரம். தாவரவியலில் பாரிங்டோனியா அக்யூட்டாங்குலா என்று பெயர். பல மாதம் தண்ணீரில் நின்றாலும் சாகாது. ஆனால் வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். பொதுவாகக் கடம்பு என்று சொல்வது வேறு மரம். நாற்றுப்பண்ணையில் 'கடம்பு' என்று கேட்டால் பந்துபோலப் பூக்கும் அந்தக் கன்றையே எடுத்துத் தருவார்கள். நமக்கு வேண்டியது சரம்சரமாகத் தொங்கும் சிவப்புப் பூவும் நான்கு பட்டையுள்ள காயும் கொண்ட மரம். தாய்மரத்தைப் பார்க்காமல் கன்று வாங்க வேண்டாம்.

இனி மண்மேடு. வறண்ட குளத்தில் குழி வெட்டிக் கன்றை நேரடியாக நட்டால் ஐப்பசி மழையில் அது தலைமுழுகிச் செத்துவிடும். பெரும்பாலான மரக்கன்றுகள் இலை முழுவதும் மூழ்கியபடி வாரக்கணக்கில் உயிரோடு இருக்காது. எனவே மேடு போட்டு அதன்மேல் நட வேண்டும். அதற்கு முந்தைய கோடையிலேயே, இடம் பார்த்த ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு மீட்டர் கம்பு ஒன்றை ஊன்றிவிட வேண்டும். குளம் நிறைந்து கலுங்கு (உபரிநீர் வெளியேறும் வாய்) வழியும்போது கம்பில் நீர்க்கறை படியும். வற்றியபின் தரையிலிருந்து அந்தக் கறை வரை அளந்தால் முழுக்கொள்ளளவில் அங்கே எவ்வளவு ஆழம் என்று தெரிந்துவிடும். நீரைவிடச் சரியான மட்டப்பலகை கிடையாது. ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள இடமே ஏற்றது. கரையிலிருந்து 50 மீட்டராவது தள்ளியிருப்பது நல்லது.

மேட்டின் அடி அகலம் 3 மீட்டர், உச்சி ஒன்றரை மீட்டர், உயரம் ஒரு மீட்டர் என்று வைத்தால் ஒரு மேட்டுக்கு ஏறத்தாழ 4 கனமீட்டர் மண் பிடிக்கும். சுமார் ஒன்றரை டிராக்டர் டிப்பர். இந்த மண்ணை வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது. குளத்தின் தரையிலிருந்தே, மேட்டின் அடியைவிட்டு ஒன்றரை மீட்டர் தள்ளிச் சுற்றிலும் வெட்டி எடுக்க வேண்டும். அப்போதுதான் குளத்தின் கொள்ளளவு குறையாது. ஆயக்கட்டு விவசாயிகள், அதாவது அந்தக் குளத்து நீரில் பாசனம் செய்பவர்கள், எழுப்பும் முதல் எதிர்ப்பே 'மேடு போட்டால் தண்ணீர் குறையும்' என்பதுதான். அந்த அச்சம் நியாயமானது, அதற்கு இதுவே பதில். சுற்றி வெட்டிய பள்ளத்தில் கடைசித் தண்ணீர் தங்குவதால் மரத்தைச் சுற்றிய அகழியும் சில வாரம் கூடுதலாக நிற்கும். கண்மாய் நீர்வளத்துறையுடையதா ஊராட்சியுடையதா என்று பார்த்து எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே மண்வெட்டியை எடுக்க வேண்டும். சரணாலயமென்றால் வனத்துறையைக் கேட்காமல் ஒரு கூடை மண்கூட அள்ள முடியாது.

மேடு போட்ட ஆண்டே நடுவது பலர் செய்யும் தவறு. புதுமண் இளகி, தண்ணீர் ஏறியதும் சரிந்து, வேர் வெளியே வந்துவிடும். ஒரு மழைக்காலம் மேட்டை அமரவிட்டு, அமர்ந்த அளவுக்கு மறுபடி மண் ஏற்றி, அடுத்த ஆண்டு நட வேண்டும். வாடைக்காற்றில் அலை அடிக்கும் பக்கம் அரிப்பு அதிகம். அங்கே அரை அடிக்கு ஒன்றாக இரண்டு வரிசை வெட்டிவேர் நட்டால் மண் பிடித்துக்கொள்ளும். மேட்டுக்கு மேடு 6 முதல் 8 மீட்டர் இடைவெளி போதும். இந்தப் பறவைகள் கூட்டமாகக் கூடு கட்டுபவை. தனித்தனியாகச் சிதறிய மரங்களைவிட, கிளைகள் ஒன்றையொன்று தொடும் தோப்பே அவற்றுக்குப் பாதுகாப்பு.

கன்றை வாங்குவதைவிட வளர்ப்பது மேல். கருவேல விதையின் தோல் கடினமானது. தண்ணீர் உள்ளே புகாது. கொதித்து இறக்கிய நீரில் விதையைக் கொட்டி, அப்படியே ஆறவிட்டு, 24 மணி நேரம் ஊறவைத்தால் பருத்துவிடும். பருக்காத விதைக்கு இன்னொரு முறை இதையே செய்யலாம். ஆட்டுக் கிடையில் பொறுக்கிய விதைக்கு இந்த வேலை பெரும்பாலும் தேவைப்படாது, ஆட்டின் குடலே அதைச் செய்து முடித்திருக்கும். வண்டல், மணல், மக்கிய எரு மூன்றும் சம அளவு கலந்து, அதில் முதிர்ந்த கருவேல மரத்தடி மண் ஒரு பிடி சேர்க்க வேண்டும். வேர்முடிச்சில் நைட்ரஜனை நிலைப்படுத்தும் பாக்டீரியா அந்த மண்ணில் இருக்கும். சிறு பையில் முளைத்த நாற்றை மூன்று, நான்கு மாதத்தில் பெரிய பைக்கு மாற்றி, ஒன்றரை மீட்டர் உயரம் வரும்வரை, அதாவது ஓராண்டுக்கு மேல், வைத்திருக்க வேண்டும். இதற்கிடையில் மாதம் ஒருமுறை பையை இடம் மாற்றாவிட்டால் ஆணிவேர் பையைத் துளைத்துத் தரைக்குள் இறங்கிவிடும். நடும் நாளில் அது அறுபட்டு, கன்று வாடும். பைக்குள் வேர் சுருண்டிருந்தால் அடியில் இரண்டு விரல்கடை வேரை வெட்டிவிட்டே நட வேண்டும்.

நடும் காலம் ஆனி, ஆடி. குஞ்சுகள் பறந்து குளம் வற்றியிருக்கும், மழைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கும். அந்த மூன்று மாதத்தில் வேர் மேட்டைப் பிடித்துக்கொண்டால்தான் ஐப்பசி நீரைத் தாங்கும். ஒன்றரை அடி ஆழ, அகலக் குழி. எருவோடு வேப்பம் பிண்ணாக்கு 100 கிராம். வறண்ட குளத்தில் கறையான் கடுமையாக இருக்கும் என்பதால் பிண்ணாக்கை விட்டுவிடக் கூடாது. வாரம் ஒருமுறை 15 லிட்டர் தண்ணீர். கரிசல் தரையில் வெடிப்பு விட்டால் வேர் அறுந்துபோகும். அரையடிக்கு வைக்கோல் அல்லது காய்ந்த கோரை மூடாக்கு போட்டால் வெடிப்பு குறையும். ஆட்டுக்குச் சீமைக்கருவேல முள் வேலியே போதும். அடுத்த கோடைதான் உண்மையான சோதனை. நட்ட ஆண்டில் பிழைத்த கன்றுகளில் பலவும் இரண்டாம் கோடையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் போகின்றன. கோரை காய்ந்திருக்கும்போது பிடிக்கும் தீயும், வண்டல் அள்ள வரும் இயந்திரம் மேட்டடியைச் சுரண்டுவதும் மற்ற இரண்டு ஆபத்துகள். ஒவ்வொரு மேட்டிலும் சிவப்புத் துணி கட்டிய கம்பு நட்டு, வண்டல் எடுக்கும் முன் ஓட்டுநரிடம் நேரில் காட்டிவிட வேண்டும்.

கவாத்து விஷயத்தில் கை கட்டிக்கொள்வதே நல்லது. முழு நீர்மட்டத்துக்கு மேல் ஒன்றரை மீட்டர் வரை உள்ள பக்கக்கிளைகளை மட்டும் எடுக்கலாம். அதற்கு மேல் கத்தி படக் கூடாது. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று கழித்துவிடும் குறுக்குக்கிளைகள்தான் கூட்டின் அடித்தளம். உச்சியில் காய்ந்த கிளையையும் விட்டுவைக்க வேண்டும். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சிறகு உலர்த்துவது அதில்தான்.

பறவைகள் கூடு கட்டத் தொடங்கிய பிறகு, ஐப்பசி முதல் வைகாசி வரை தோப்புப் பக்கம் எந்த வேலையும் கூடாது. மனிதர் நெருங்கினால் பெரிய பறவை எழும்பிவிடும். அது திரும்புவதற்குள் காக்கை முட்டையைக் கொத்தும், வெயில் குஞ்சைச் சுடும். நாரைகள் சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் தருவதும், அலகில் நீர் கொண்டுவந்து ஊற்றுவதும் அந்த வெயிலிலிருந்து காக்கத்தான்.

ஊருக்குள் நடுவதற்குக் கணக்கு வேறு. கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில் கொக்கரேபெல்லூர் என்ற ஊரில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் தெருவிலும் கொல்லையிலும் உள்ள புளியமரங்களில் கூடு கட்டுகின்றன. எச்சம் பட்ட மரத்தில் புளி விளைச்சல் போய்விடும். அதற்காக மர உரிமையாளர்களுக்கு வனத்துறை இழப்பீடு தருகிறது. இருந்தும் மரங்கள் வெட்டப்பட்டன, ஏனெனில் மரம் விற்றால் ஒரே நாளில் கிடைக்கும் தொகை பெரிது. ஊர் இளைஞர்கள் ஹெஜ்ஜார்லே பளகா என்ற குழுவாகச் சேர்ந்து பறவைகளைக் காக்கிறார்கள். 2007-ல் அந்த இடம் சமூகக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வருமானம் தரும் மரத்தைத் தனியார் கொல்லையில் நட்டு, அதில் பறவை தங்கட்டும் என்று எதிர்பார்ப்பது உரிமையாளர்மேல் சுமையை ஏற்றுவதாகும். புறம்போக்கு, கோயில் நிலம், பள்ளி வளாகம் ஆகியவற்றில் ஆலும் அரசும் அத்தியும் நடுவதே நியாயம்.

இவற்றைக் கன்றாக நட வேண்டியதில்லை, போத்தாகவே நடலாம். கைமணிக்கட்டு பருமனில், 7 அடி நீளக் கிளையை மழைக்காலத் தொடக்கத்தில் சாய்வாக வெட்டி, இரண்டடி ஆழத்தில் ஊன்றி, மேல்நுனியில் சாணியை உருட்டி வைத்துத் துணியால் கட்டிவிட வேண்டும். துளிர் ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரத்தில் வரும், கன்று வளர எடுக்கும் சில ஆண்டுகள் மிச்சமாகும். போத்து ஆடினால் புதுவேர் அறுந்துவிடும். மூன்று பக்கமும் முட்டுக்கொடுக்க வேண்டும். பறவை குடியேறிய பிறகு, ஒவ்வொரு கோடையிலும் மரத்தடி மண்ணில் மேல் மூன்று அங்குலத்தை வழித்து வயலுக்கு எடுத்துப்போய், புதுமண் போட்டால் மரத்துக்கும் ஆறுதல், வயலுக்கும் உரம்.

சீமைக்கருவேலம் நிறைந்த கண்மாயில் ஒரு முன்னெச்சரிக்கை வேண்டும். அது அயல்மரம், அகற்றத்தான் வேண்டும். ஆனால் வேறு மரம் இல்லாத இடத்தில் பறவைகள் அதிலும் கூடு கட்டுகின்றன. ஒரே கோடையில் மொத்தமாகப் பிடுங்கினால் அடுத்த ஐப்பசியில் வரும் பறவைக்கு உட்கார இடமிருக்காது. கூடு உள்ள மரங்களை விட்டு மற்றவற்றை எடுத்து, அந்த இடத்தில் மேடு போட்டு, நாட்டு மரம் கூடு தாங்கும் அளவுக்கு வந்தபின் மீதியை எடுக்கலாம். நல்ல ஈரத்தில் நாட்டுக்கருவேலத்துக்கு ஏழெட்டு ஆண்டு பிடிக்கும். முதலில் கொக்கும் நீர்க்காகமும் வரும், கூழைக்கடா கடைசியாக வரும்.

நூறு மேடு போட இடமிருந்தால் முதல் ஆண்டில் 25 மட்டும் நட வேண்டும். நான்கு ஆண்டு கழித்து இன்னொரு 25, பிறகு இன்னொன்று. எல்லாம் ஒரே வயதாக இருந்தால் எல்லாம் ஒன்றாகவே சாயும். முதல் தொகுதி எச்சத்தில் கருகத் தொடங்கும்போது இரண்டாவது கூடு தாங்கும் பருவத்தில் இருக்கும். பட்டுப்போன மரத்தின் மேட்டில் புதுக் கன்று வைக்கலாம். எந்த மேட்டில் எந்த மரம், எந்த ஆண்டு நட்டது, எத்தனை கூடு, எந்தப் பறவை என்று ஒரு நோட்டில் எழுதி, அதை ஊராட்சி அலுவலகத்திலோ பள்ளியிலோ வைக்க வேண்டும். இன்று நடுகிறவர்கள் வேலைக்காக வெளியூர் போயிருந்தாலும், பதினைந்து ஆண்டு கழித்து மேட்டில் மண்வெட்டியோடு நிற்பவர்களுக்கு அடுத்த கன்றை எங்கே வைப்பது என்று அந்த நோட்டு சொல்லும்.