ஸ்டார் நோட்டு கையில் இருக்கிறதா? விலை பேசுவதற்கு முன்

எண்ணுக்கு இடையே நட்சத்திரக் குறி உள்ள பத்து ரூபாய் நோட்டைப் படம் எடுத்து அனுப்பி, "இது எத்தனை லட்சம் போகும்?" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பழைய நோட்டுகளை மதிப்பிட்டு வாங்கி விற்பது என் தொழில். அந்த நோட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அச்சிட்ட தொகைக்கு மேல் யாரும் தரமாட்டார்கள் என்பதைச் சொல்லும்போது எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

முன்பெல்லாம் அச்சில் ஒரு நோட்டு பழுதானால், அதே எண்ணில் இன்னொன்றை அச்சிட்டு நோட்டுக் கட்டில் வைப்பார்கள். அது நேரமும் செலவும் பிடிக்கும் வேலை. அதனால் 2006 முதல் 10, 20, 50 ரூபாய்க் கட்டுகளில், முன்னெழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே நட்சத்திரம் போட்ட மாற்று நோட்டை ரிசர்வ் வங்கி சேர்க்கத் தொடங்கியது. பிறகு 100 ரூபாயிலும், 2016 டிசம்பரில் புதிய 500 ரூபாயிலும் அது வந்தது. இது கள்ள நோட்டு என்று 2023இல் வதந்தி பரவியபோது, மற்ற நோட்டுகளைப் போலவே செல்லும் என்று ரிசர்வ் வங்கியே விளக்கம் கொடுத்தது.

ஆக, நட்சத்திரம் இருப்பதாலேயே நோட்டு அரிதாகிவிடாது. நான் முதலில் பார்ப்பது கவர்னர் கையெழுத்து, பின்பக்கம் உள்ள ஆண்டு, எண்ணின் பின்னணியில் இருக்கும் ஆங்கில எழுத்து ஆகியவற்றைத்தான். சில நோட்டுகளில் அந்த எழுத்தே இருக்காது. அதுவும் ஒரு வகை. கையெழுத்தும் ஆண்டும் ஒன்றாக இருந்து, எழுத்து மட்டும் மாறினாலே விலை எங்கேயோ போய்விடும். உங்களிடம் இருப்பது எந்தச் சேர்க்கை என்று சேகரிப்பாளர்களுக்கான விலைப்பட்டியலில் பாருங்கள். அப்புறம், ஏலத்தில் உண்மையில் விற்ற தொகையைத் தேடுங்கள். விற்பவர் இணையத்தில் போடும் விலை அவருடைய ஆசை மட்டுமே.

அடுத்தது நோட்டின் நிலை. சேர்க்கை மிக அரிதாக இருந்தால் ஒழிய, புழங்கிய ஸ்டார் நோட்டைச் சேகரிப்பாளர்கள் தொடுவதில்லை. அவர்களுக்குச் சலவை நோட்டுதான் வேண்டும். விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தால் நடு மடிப்பின் தடம் தெரிந்துவிடும். மடிப்பை மறைக்க இஸ்திரி போட்டவை நிறைய வருகின்றன. 100, 500 ரூபாய் நோட்டுகளில் புடைத்திருக்க வேண்டிய அச்சு விரலுக்குத் தட்டையாகப் பட்டால் சந்தேகப்படுங்கள். நோட்டுக் கட்டுகளுக்கு ஸ்டேபிள் அடிக்கக் கூடாது என்று 2001லேயே வங்கிகளுக்கு உத்தரவு போய்விட்டது. ஸ்டார் நோட்டுகள் அதற்குப் பிறகு வந்தவை. அதனால், பழைய நோட்டில் பொறுத்துக்கொள்ளும் ஸ்டேபிள் துளையை ஸ்டார் நோட்டில் நான் ஏற்பதில்லை.

நட்சத்திரத்தைப் பிற்பாடு அச்சடித்து ஒட்ட வைக்கும் மோசடியும் உண்டு. நோட்டில் எண்ணும் நட்சத்திரமும் இருக்கும் இரண்டு இடங்களையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஒப்பிடுங்கள். மகாத்மா காந்தி வரிசை நோட்டுகளின் எண்கள் புற ஊதா விளக்கில் ஒளிரும் மையால் அச்சானவை. எண் ஒளிர்ந்து நட்சத்திரம் மட்டும் இருண்டு கிடந்தால் வாங்காதீர்கள்.

கட்டாகவே கிடைத்தால் பிரிக்க வேண்டாம். சுற்றியிருக்கும் காகிதப் பட்டையோடு வைத்திருங்கள்.

விற்கும் இடத்தில்தான் பலர் கைப்பணத்தை இழக்கிறார்கள். உங்கள் நோட்டை லட்சங்களுக்கு வாங்குவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரில் முன்கூட்டியே வரியோ கமிஷனோ கேட்பார்கள். அப்படி எந்தக் கட்டணமும் வசூலிப்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. அப்படி யாராவது கேட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள்.