காப்பர்-டி எடுக்கும்போது உள்ளே என்னதான் நடக்கிறது?

கர்ப்பம் தரிக்காமலிருக்கக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி போட்டுக்கொண்ட பலருக்கு, போடும்போது இருந்ததைவிட எடுக்கப் போகும்போதுதான் பயம் அதிகம். சதையோடு ஒட்டிப்போயிருக்குமோ, ஆபரேஷன் செய்வார்களோ, எடுத்த பிறகு குழந்தை தங்குமா? இதில் பாதிப் பயம் அந்தப் பொருளைக் கண்ணால் பார்த்தாலே போய்விடும். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடும் 380ஏ வகை 36 மில்லிமீட்டர் நீளம், 32 மில்லிமீட்டர் அகலம், வளைகிற பிளாஸ்டிக். தண்டில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும், இரண்டு கைகளிலும் செம்புப் பட்டை. அந்தச் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கர்ப்பப்பைக்குள் இருக்கும் திரவத்தில் கலக்கிறது, விந்தணுக்கள் அதில் முடங்கிவிடுகின்றன. அவ்வளவுதான். ஹார்மோன் எதுவும் இல்லை, கருமுட்டை வழக்கம்போல வந்துகொண்டுதான் இருக்கிறது. அதனால் எடுத்த மாதமே கருத்தரிக்கலாம்.

எடுப்பது எப்படி என்றால், தண்டின் அடியில் கட்டிய நூல் கர்ப்பப்பை வாய்க்கு வெளியே இரண்டு மூன்று சென்டிமீட்டர் தொங்கும். டாக்டரோ நர்ஸோ அதை இடுக்கியால் பிடித்து நிதானமாக இழுப்பார். தண்டு முதலில் இறங்க, கைகள் இரண்டும் மேல்நோக்கி மடங்கி, டி வடிவம் ஒய் வடிவமாகி வெளியே வந்துவிடும். மூச்சை இழுத்து விடுவதற்குள் முடிந்துவிடும், அடிவயிற்றில் ஒரு சுளீர் வலி, அப்புறம் லேசான உதிரம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். விந்தணு உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும் என்பதால், குழந்தை வேண்டாம் என்பவர்கள் எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஆணுறை பயன்படுத்த வேண்டும். பழையதை எடுத்த கையோடு புதியதைப் போட்டுக்கொள்ளவும் செய்யலாம், இடைவெளி விடத் தேவையில்லை.

உண்மையில் சிக்கல் வருவது நூலில்தான். பிரசவமான கையோடு போட்டவர்களுக்கு, அதிலும் சிசேரியனின்போது போட்டவர்களுக்கு, நூல் வெளியே தெரியாமல் போவது அடிக்கடி நடக்கும். அப்போது கர்ப்பப்பை பெரிதாக இருக்கும், ஆறு வாரத்தில் அது சுருங்கும்போது நூல் கீழே இறங்காமல் உள்ளேயே சுருண்டுகொள்ளும். நூல் தெரியவில்லை என்றதும் ‘காப்பர்-டி மேலே ஏறிவிட்டது’ என்று பதற வேண்டாம். ஸ்கேனில் சரியான இடத்தில் தெரிந்தால் அப்படியே விட்டுவிடலாம். எடுக்க வேண்டுமென்றால் மெல்லிய இடுக்கியை உள்ளே விட்டு எடுப்பார்கள். ஸ்கேனில் தெரியாவிட்டால் வயிற்றுக்கு எக்ஸ்ரே. பிளாஸ்டிக்கில் பேரியம் கலந்திருப்பதால் எங்கே இருந்தாலும் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு வயிற்றுக்குள் போவது சுமார் ஆயிரத்தில் ஒருவருக்கு நடக்கும், ஆபரேஷன் தேவைப்படுவது பெரும்பாலும் அப்போதுதான். எக்ஸ்ரேயிலும் இல்லையென்றால் நமக்கே தெரியாமல் எப்போதோ வெளியே விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

போட்டுக்கொண்டு வாழ்வதில் பெரிய தொல்லை உதிரப்போக்குதான். முதல் மூன்று முதல் ஆறு மாதம் அதிகமாகப் போகும், வலியும் கூடும். டாக்டரைக் கேட்டு மெஃபினமிக் ஆசிட் போன்ற மாத்திரை எடுத்தால் இரண்டுமே குறையும். ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவர்கள் ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று வீட்டில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். கணவருக்கு நூல் குத்துகிறதா? அளவைச் சரிசெய்து தருவார்கள், நீங்களே இழுக்காதீர்கள். ஆனால் காய்ச்சலோடு அடிவயிற்று வலி வந்தாலோ, நாள் தள்ளிப்போனாலோ அன்றைக்கே போக வேண்டும். காப்பர்-டி இருக்கும்போது கரு தங்குவது அபூர்வம், தங்கினால் அது கருக்குழாயில் தங்கியிருக்கலாம்.

380ஏ வகையைப் பத்து வருடம் வரை வைத்திருக்கலாம், 375 என்ற இன்னொரு வகையை ஐந்து வருடம். எது போட்டார்கள் என்று டிஸ்சார்ஜ் அட்டையில் பார்த்துக் குறித்து வையுங்கள். மாதவிடாய் நின்றவர்கள், கடைசித் தீட்டு வந்து ஒரு வருடம் கழித்து எடுத்துவிடுவது நல்லது. ரொம்ப வருடம் தள்ளிப்போட்டால் கர்ப்பப்பை வாய் சுருங்கி, சுலபமாக வர வேண்டியதற்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.