கொல்லையில் பிடித்த எலியைப் பாம்புக்குப் போடாதீர்கள்

பகலெல்லாம் மாடு, ஆடு, கோழி என்று பார்க்கிற கால்நடை மருத்துவன் நான். பெங்களூரு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இப்போது பால் பைத்தான் (ball python) என்ற வெளிநாட்டு மலைப்பாம்பு வளர்க்கிறவர்களும் வருகிறார்கள். இந்த மாதமும் ஒரு பாம்பு வந்தது. முதுகில் தோல் கிழிந்து சதை தெரிகிறது, ஓரமெல்லாம் சீழ். குதறியது நாயோ பூனையோ இல்லை, இரையாகப் போட்ட எலி! ராத்திரி உயிரோடு டப்புக்குள் விட்டுவிட்டு, காலையில் தின்று முடித்திருக்கும் என்று படுத்துவிட்டார்கள். பசியில்லாத பாம்பு சுருண்டு கிடக்கும். எலிக்குப் பசித்தால் கிடைத்ததைக் கொறிக்கும்.

"எங்கே பிடிச்ச எலி தம்பி?"

"ராகிக் கொல்லையில சார். இயற்கையான சாப்பாடு தானே, காட்டுல பாம்பு இதைத்தானே தின்னுது?"

இந்த 'இயற்கை' என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. காட்டில் பாம்பு எலியைத் தின்று புழு வந்து சாவதை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான். தவிர, பால் பைத்தான் ஆப்பிரிக்கப் பாம்பு. பாலக்கோடு கொல்லை எலி எந்த வகையில் அதற்கு இயற்கை உணவு? கொல்லை எலியின் உடம்பில் உண்ணி, குடலில் நாடாப்புழு, உருண்டைப் புழு. அதன் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். அது பாம்பை விட, பிடித்து வந்த உங்களைத்தான் முதலில் படுக்க வைக்கும்.

அதை விடப் பெரிய கவலை எலி மருந்து. ஜிங்க் பாஸ்பைடு தின்ற எலி சில மணி நேரத்தில் செத்துக் கிடக்கும், அதை யாரும் எடுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். கடையில் கேக் கேக்காக விற்கும் புரோமாடியோலோன் அப்படி இல்லை. ரத்தம் உறையாமல் செய்து, நாலைந்து நாள் கழித்துத்தான் கொல்லும். அதுவரை எலி நடமாடும், கடைசியில் கொஞ்சம் மந்தமாக. சுலபமாகக் கையில் சிக்கியது என்று சந்தோஷப்பட்டீர்களே, அதற்கு இதுதான் காரணமாக இருக்கலாம். ஃப்ரீசரில் ஒரு மாதம் வைத்தால் விஷம் போய்விடுமா என்று கேட்கிறார்கள். போகாது. உறைய வைத்தால் சில ஒட்டுண்ணிகள் சாகும். விஷம் சாகாது, சால்மோனெல்லா என்ற குடல் கிருமியும் சாகாது.

ஆகவே வெள்ளை எலியை நீங்களே வளர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் 'எப்படியும் பாம்பு தின்னப் போகிறது தானே' என்று வளர்க்காதீர்கள். எலிப் பெட்டிக்குள் மூக்கை நுழைத்துப் பாருங்கள். கண் எரிந்தால் அந்த அம்மோனியா எலியின் நுரையீரலையும் எரித்துக்கொண்டிருக்கிறது. எலியைக் காதருகே பிடித்தால் சளி கட்டிய குழந்தை மாதிரி கொறகொறவென்று கேட்கும். எலிகளுக்குள் மைக்கோபிளாஸ்மா என்ற நுரையீரல் கிருமி சகஜம். அழுக்குப் பெட்டிதான் அதைப் பெரிய நோயாக்குகிறது. கண்ணோரம், மூக்கோரம் சிவப்பாகக் காய்ந்திருந்தால் ரத்தம் என்று பதறி ஓடி வருகிறார்கள். அது ரத்தம் இல்லை, கண் சுரப்பியிலிருந்து வரும் நிறமி. ஆனால் எலி சுகமாக இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். பெட்டிக்குள் பரப்ப மரத்தூளைக் கொட்டாதீர்கள், தூசு. கிழித்த காகிதம் போதும்.

தாய் எலி குட்டியைத் தின்கிறது என்று அதைத் திட்டுகிறீர்களே, தண்ணீர் பாட்டிலைப் பார்த்தீர்களா? முனையில் இருக்கும் குண்டை விரலால் தள்ளினால் ஒரு சொட்டு வர வேண்டும். பாட்டில் நிறைய தண்ணீர் இருக்கும், குழாய் அடைத்திருக்கும். பால் கொடுக்கிற தாய் என்ன செய்யும்? குட்டி போட்ட முதல் சில நாள் பெட்டியைத் திறந்து எண்ணிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

நம் ஊர் சித்திரை வெயிலில் ஷீட் கொட்டகைக்குள் எலி வளர்ப்பது கொலை. எலிக்கு வியர்க்காது, சூட்டை வாலில்தான் வெளியே விடும். 30 டிகிரியைத் தாண்டினாலே திணறும், ஆண் எலிக்கு மலட்டுத்தன்மையும் வரும். வீட்டிலேயே குளிர்ச்சியான அறையைக் கொடுங்கள்.

வெறும் சோறும் ராகியும் போட்டால் குட்டி வளராது, புரதம் வேண்டும். ஆய்வுக்கூட எலிக்கான பெல்லட் கிடைத்தால் அதுதான் நல்லது. பிராய்லர் தீவனம் வேண்டாம், அதில் பெரும்பாலும் மருந்து கலந்திருக்கும். பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு வேண்டவே வேண்டாம்.

ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண். சினை 21 முதல் 23 நாள். குட்டி போட்ட ஒரே நாளில் மறுபடி சினை பிடிக்கும் என்பதால், வயிறு தெரிந்ததும் தாயைத் தனியே எடுத்துவிடுங்கள். மூன்று வாரத்தில் பால் மறக்கடித்து, ஐந்து வாரத்துக்குள் ஆண் பெண் பிரித்துவிடுங்கள். புதிதாக வாங்கிய எலியை இரண்டு வாரமாவது வேறு அறையில் வையுங்கள்.

பாம்புக்குப் போடும் எலியைக் கொல்ல உயிரோடு ஃப்ரீசரில் போடாதீர்கள், தயவுசெய்து. 'பிங்கி' என்கிற கண் திறக்காத பச்சைக் குட்டி என்றாலும் வேண்டாம், அது வதை. கார்பன் டை ஆக்சைடும் பச்சைக் குட்டிக்குச் சீக்கிரம் வேலை செய்யாது. நொடியில் முடிக்கிற முறை இருக்கிறது, நேரில் வந்தால் எந்தக் கால்நடை மருத்துவரும் காட்டுவார். உறைந்த எலியை முந்தின ராத்திரி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, பிறகு வெந்நீரில் வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், வெடிக்கும். பாம்பின் தடித்த பகுதி அளவுக்கு மேல் எலி பருமனாக இருக்கக் கூடாது.

இன்னொன்று, சாரையையும் நம்மூர் மலைப்பாம்பையும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அவற்றை வளர்ப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் என்றால் 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

எலியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். எலி கடித்து, காயம் ஆறிய பிறகு காய்ச்சலும் மூட்டுவலியும் வந்தால், வீட்டில் எலி வளர்க்கிறேன் என்று டாக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் பாவம், டெங்கு டெஸ்ட் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.