அவரைக்கு அடிக்கும் கஷாயமும் வேப் பாட்டிலும்

அவரைப் பந்தலில் கறுப்பு அசுவினி அப்பிக்கொண்டால் என்ன செய்வது என்று தமிழ்நாடு-கேரள எல்லையில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கத்து விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அரை கிலோ புகையிலைக் கழிவை நாலரை லிட்டர் தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போடுவார்கள். 120 கிராம் பார் சோப்பைச் சீவித் தனியே கரைத்துச் சேர்த்து, வடிகட்டி, ஆறேழு மடங்கு தண்ணீர் விட்டு அடிப்பார்கள். அடிக்கும்போது மூக்கையும் வாயையும் துண்டால் இறுக்கிக் கட்டுவார்கள். காற்று எதிரே திரும்பினால் கைத்தெளிப்பானை இறக்கி வைத்துவிடுவார்கள்.

அந்தக் கஷாயத்தில் பூச்சியைக் கொல்வது நிகோட்டின். புகையிலையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நிகோட்டின் என்று வைத்து, அது முழுவதும் தண்ணீரில் இறங்கியதாகவே கணக்குப் போட்டாலும் ஊறல் நீரில் ஒரு மி.லி.க்குச் சுமார் 2.2 மி.கி.தான் வரும். தெளிக்கும் பக்குவத்துக்கு நீர் விட்ட பிறகு 0.3 மி.கி. வேப் (மின் சிகரெட்) பிடிப்பவர்கள் ‘ரொம்ப லைட்’ என்று சொல்லும் திரவம் மி.லி.க்கு 3 மி.கி. வீட்டில் கலப்பதற்கென்று கள்ளத்தனமாக வாங்கப்படும் மூலத் திரவம் மி.லி.க்கு 100 மி.கி. அப்பா துண்டு கட்டிக்கொண்டு அடிக்கும் மருந்தைப்போல முந்நூறு மடங்குக்கு மேல் வீரியமுள்ள ஒன்றை, மகன் படுக்கையறை மேசையில் கையுறைகூட இல்லாமல் ஊற்றிக்கொண்டிருக்கிறான்.

வேப் சாதனம் தடை செய்யப்பட்ட சரக்கு என்பதால் ஆயத்தத் திரவம் விலை அதிகம், கிடைப்பதும் அரிது. அதனால்தான் இந்த வீட்டுக் கலவை. அதற்கு வேண்டிய மற்ற எல்லாம் மருந்துக்கடையிலும் பேக்கரி சாமான் கடையிலும் கேள்வி கேட்காமல் கிடைக்கின்றன: கிளிசரின், சிரிஞ்சு, எசன்ஸ், சொட்டு பாட்டில். தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் குற்றமில்லை. மருந்துக்கடை கவுன்டருக்கு உள்ளே நிற்பவர்களுக்குத்தான், இவை நாலும் ஒரே பில்லில் வந்தால் சந்தேகம் வர வேண்டும்.

முதலில் அளவு. 30 மி.லி. பாட்டிலில் மி.லி.க்கு 3 மி.கி. வர வேண்டுமானால் மொத்தம் 90 மி.கி. நிகோட்டின், அதாவது 100 மி.கி. மூலத்தில் வெறும் 0.9 மி.லி. தண்ணீராக இருந்தால் பதினெட்டு சொட்டு. ஆனால் கிளிசரினில் கரைத்த மூலத்தின் சொட்டும், வேப் திரவத்துக்கு அடிப்படையாகும் இன்னொரு நீர்மமான புரொப்பிலீன் கிளைக்காலில் கரைத்ததன் சொட்டும் ஒரே அளவு இல்லை. ஒரு மி.லி. கிளிசரின் 1.26 கிராம், அதே அளவு கிளைக்கால் 1.04 கிராம். சொட்டை எண்ணுகிறவருக்கும், சமையலறைத் தராசில் நிறுத்துக்கொண்டு அதையே மி.லி. என்று எழுதுகிறவருக்கும் கணக்கு முதல் வரியிலேயே பிசகிவிடுகிறது. புள்ளி ஒன்று இடம் மாறி 9 மி.லி. விழுந்தால் கைக்கு வருவது 3 அல்ல, 30 மி.கி. திரவம்.

இன்சுலின் சிரிஞ்சு இதைவிட நுட்பமான கண்ணி. வெளிநாட்டு வீடியோக்களில் ‘90 யூனிட் இழு’ என்றால் அது 100 யூனிட் ஒரு மி.லி. என்ற சிரிஞ்சு. நம் கடைகளில் பெரும்பாலும் விற்பது சிவப்பு மூடி போட்டது; அதில் 40 யூனிட்டே ஒரு மி.லி. அதை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று தடவையாக 90 யூனிட் இழுத்தால் 2.25 மி.லி. போய்விடும். பாட்டிலில் 3 என்று எழுதி ஒட்டியிருப்பது உண்மையில் 7.5. சர்க்கரை நோயாளிகளுக்கு மூடி நிறத்தைப் பார்க்கச் சொல்லி மருந்தாளுநர்கள் தொண்டை வறளச் சொல்வது இதே காரணத்துக்காகத்தான்.

சதவீதமும் குழப்பும். 5% என்றால் மி.லி.க்கு 50 மி.கி., 5 மி.கி. இல்லை. அளவு சரியாகவே இருந்தாலும், கெட்டியான கிளிசரினில் நிகோட்டின் தானாகப் பரவாது. சரியாகக் குலுக்காத பாட்டிலில் ஒரு அடுக்கு சப்பென்றும் இன்னொரு அடுக்கு தலை சுற்றும்படியும் இருக்கும். சீக்கிரம் கலக்கட்டும் என்று அடுப்பில் சூடாக்குகிறவர்கள் அந்த அறைக் காற்றிலேயே நிகோட்டின் ஆவியை நிரப்பிக்கொள்கிறார்கள். கடையில் வாங்கிய மெல்லும் புகையிலையைக் கிளிசரினில் ஊறவைத்து ‘நாட்டு’ மூலம் செய்வதோ சுத்த முட்டாள்தனம். இலைக்கு இலை நிகோட்டின் மாறும். எவ்வளவு இறங்கியது என்று அளக்க வீட்டில் வழியே கிடையாது. இலையில் தங்கிய பூச்சிமருந்தும் புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்களும் கூடவே வரும்.

இனி வாசனை. அதிகம் ஏமாறுவது இங்கேதான், ஏனென்றால் எசன்ஸ் பாட்டிலில் உணவுப் பாதுகாப்பு முத்திரை இருக்கிறது. கேக்கில் போட்டுச் சாப்பிடுவதுதானே என்ற தைரியம். அந்த முத்திரை வயிற்றுக்கு. உணவுக்குழாயில் இறங்குவதைக் குடலும் கல்லீரலும் உடைத்துப் பிரித்துத்தான் ரத்தத்துக்கு விடும். நுரையீரலின் காற்றுப்பைக்கு அப்படி ஒரு காவல் கிடையாது. ஈரமான மெல்லிய சவ்வு, அதற்கு அந்தப் பக்கம் உடனே ரத்தம்.

வெண்ணெய், பட்டர்ஸ்காட்ச், பால்கோவா வாசனை எசன்ஸ்களில் டைஅசிட்டைல் இருக்கலாம். தின்றால் ஒன்றும் செய்யாது. அமெரிக்காவில் மிசூரி மாநிலத்து ஜாஸ்பரில் மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலையில் வேலை செய்த எட்டுப் பேருக்கு நுண்மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைத்துப்போனது 2000-ஆம் ஆண்டில் வெளியே வந்தது. அவர்கள் அதைத் தின்னவில்லை, அதன் ஆவியை மூச்சில் இழுத்தார்கள். அந்தத் தழும்பு திரும்ப ஆறுவதில்லை. லவங்கப்பட்டை வாசனையின் சின்னமால்டிஹைடு, சளியை மேலே தள்ளும் நுண்மயிர்களை முடக்குகிறது. வெனிலின், பாட்டிலில் சும்மா நிற்கும்போதே கிளைக்காலோடு சேர்ந்து அசிட்டல் என்ற புதுப் பொருளாகிறது. எரிச்சல் தருவதில் அது வெனிலினையே மிஞ்சும். இனிப்புக்குச் சர்க்கரைப் பாகு விட்டால் வேப் சாதனத்துக்குள் 200 டிகிரிக்கு மேல் காயும் கம்பிச் சுருளில் கருகிப் படியும். கருகிய சுருள் தரும் புகையில் ஃபார்மால்டிஹைடு இருக்கும். எசன்ஸில் சேர்த்த மஞ்சள், ஆரஞ்சு நிறச் சாயங்களும் அப்படியே உள்ளே போகின்றன.

எண்ணெயில் கரைத்த எசன்ஸ் தனி ஆபத்து. கூடவே ஏலக்காய் எண்ணெய், நீலகிரித் தைலம், பச்சைக் கற்பூரம். ‘சளிக்கு ஆவி பிடிக்கிறோமே, அதுபோலத்தான்’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆவி பிடிக்கும்போது வெந்நீர் நூறு டிகிரியைத் தாண்டாது, எண்ணெயில் மணம் மட்டுமே எழும். சூடான சுருள் எண்ணெயையே நுண்துளியாக்கி அடிநுரையீரல் வரை அனுப்பும். காற்றுப்பையில் விழுந்த எண்ணெயைக் கரைத்து வெளியேற்ற உடம்பிடம் வழியில்லை. அதை விழுங்கிய செல்கள் கொழுப்பேறி வீங்க, லிப்பாய்டு நிமோனியா வரும். கற்பூரம் அளவு மீறினால் வலிப்பு கண்டுவிடும். புதினா உப்பு வேறு விதம்: தொண்டை எரிச்சலை மறைத்து இன்னும் ஆழமாக இழுக்க வைக்கும்.

பச்சை நிற வைட்டமின் ஈ மாத்திரையைக் கிள்ளிப் பிழிந்து திரவத்தைக் கெட்டியாக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். அதற்குள் இருப்பது வைட்டமின் ஈ அசிட்டேட். 2019-இல் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்களிடையே பரவிய நுரையீரல் சேதத்தில், 2020 பிப்ரவரி நடு வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தோ இறந்தோ பதிவானார்கள், இறந்தவர்கள் 68. கழுவி எடுத்த நுரையீரல் நீரைச் சோதித்த 51 பேரில் 48 பேரிடம் இந்தப் பொருள் இருந்தது. பெரும்பாலோர் இழுத்தது கஞ்சாச் சத்து கலந்த திரவம் என்பது உண்மை. ஆனால் சேதம் செய்ததாக முதலில் அடையாளம் காணப்பட்டது இந்த எண்ணெய்தான்.

கிளிசரினும் கிளைக்காலும் பாதுகாப்பான பகுதி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது மருந்துத் தரத்துக்கு மட்டும் பொருந்தும், அதுவும் லேபிளில் ‘ஐ.பி.’ (இந்திய மருந்துத் தர நூல்) என்று இருந்து, ஆலையிலும் சோதிக்கப்பட்டிருந்தால். சோப்புக்கும் அத்தருக்கும் கேனில் விற்பதில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருக்கலாம். நிறமில்லை, இனிப்பு, கெட்டி. பார்த்தோ முகர்ந்தோ பிரித்தறிய முடியாது, சிறுநீரகத்தை முடித்துவிடும். 1986-இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேரைக் கொன்றது இது கலந்த கிளிசரின். 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பில் இது 48.6% இருந்ததைத் தமிழ்நாட்டு ஆய்வகம் கண்டது, அனுமதி 0.1%. மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். உரிமம் பெற்ற ஆலையிலேயே இப்படி என்றால், கேனிலிருந்து பாட்டிலுக்கு ஊற்றித் தருவதை என்னவென்று நம்புவது?

சட்டத்தைப் பற்றி இரண்டு வரி போதும். 2019-ஆம் ஆண்டின் மின் சிகரெட் தடைச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்று. வாளையாறு எல்லையைத் தாண்டினால் மாறாது. தயாரிப்பு, விற்பனை, விநியோகம், கொண்டுசெல்வதற்கு முதல் முறை ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைத்தால் ஆறு மாதம் வரை, அல்லது ஐம்பதாயிரம் வரை, அல்லது இரண்டும். ‘நண்பனுக்குத்தான் ஒரு பாட்டில் கொடுத்தேன்’ என்பது விநியோகம் இல்லை என்று வாதாடிப் பார்க்கும் ஆசை யாருக்கும் வர வேண்டாம்.

நிகோட்டின்தான் விட முடியவில்லை என்றால் 2 மி.கி. நிகோட்டின் சூயிங்கம் சீட்டில்லாமலே கிடைக்கிறது. வாயின் உட்தோல் வழியாக, தெரிந்த அளவில் போகும். புகையிலை விடுவதற்கான தேசிய உதவி எண் 1800 11 2356.

வீட்டில் ஏற்கனவே பாட்டில் இருந்தால் அது எங்கே இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். 10 மி.லி. சொட்டு பாட்டிலுக்கும் கண் மருந்துக்கும் வித்தியாசம் தெரியாது. பழ வாசனை வேறு. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு 100 மி.கி. மூலத்தில் 0.65 மி.லி., கால் டீஸ்பூன்கூட வேண்டாம், அதுவே உயிருக்கு ஆபத்தாகலாம்.

தோலில் கொட்டினால் நனைந்த உடையைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும். தோல் வழியாகவும் நன்றாக ஏறும். கண்ணில் பட்டாலும் அதே. விழுங்கியிருந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. குமட்டல், எச்சில் ஊறல், வியர்வை, நடுக்கம், படபடப்பு முதலில் வரும். பிறகு நாடி இறங்கி, தசை தளர்ந்து, மூச்சு நிற்கும். தெளிந்துவிட்டதுபோல் தோன்றும் இடைவேளையை நம்பக் கூடாது. நம் பக்கத்து மருத்துவமனைகளில் எச்சிலும் வியர்வையுமாக ஒருவர் வந்தால் முதலில் நினைப்பது வயல் பூச்சிமருந்தைத்தான். அதனால் உண்மையைச் சொல்லி, பாட்டிலைப் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். இருமல், காய்ச்சல், மூச்சுத்திணறலோடு போகிறவரும் வேப் பிடித்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வெறும் நிமோனியா மருந்தில் நாலு நாள் வீணாகும். எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையம் 1800 116 117. ஆம்புலன்ஸுக்கு இரு மாநிலத்திலும் 108தான். கூப்பிட்டவுடன் ஊர்ப் பெயருக்கு முன்னால் கேரளமா தமிழ்நாடா என்று சொல்லிவிடுங்கள்.