டைனமோவா, மேக்னெட்டா?

பர்மாத் தமிழர் பேச்சில் பைக்குக்கு வெளிச்சம் தரும் எந்த இயந்திரமும் டைனமோதான். யாங்கூன் நகருக்குள் 2003-லிருந்து மோட்டார் சைக்கிளுக்குத் தடை. அதனால் இந்தப் பேச்சு பெகு, மோல்மேன் பக்கம்தான் அதிகம் காதில் விழும். "அண்ணே, பழைய டைனமோ கனமா இருக்கு, லேசா ஒரு டைனமோ மாட்டிக் குடுங்க" என்பார் பிஎஸ்ஏ என்ற பழைய பிரிட்டிஷ் பைக் வைத்திருப்பவர். கழற்றுவது டைனமோ, சரி. மாட்டப் போவது டைனமோ இல்லை.

டைனமிஸ் என்றால் கிரேக்க மொழியில் வலிமை. 1867-ல் வெர்னர் சீமென்ஸ் தன் இயந்திரத்துக்கு டைனமோ-எலெக்ட்ரிக் என்று பெயர் வைத்தார். அதுதான் பேச்சில் தேய்ந்து டைனமோ ஆயிற்று. அதற்கு முன் இருந்தவை நிலைக்காந்தம் வைத்து மின்சாரம் எடுத்த மேக்னெட்டோ-எலெக்ட்ரிக் இயந்திரங்கள். சீமென்ஸ் நிலைக்காந்தத்தையே தூக்கிவிட்டார். இரும்பில் எப்போதும் துளி காந்தம் ஒட்டிக் கிடக்கும். இயந்திரம் சுழலும்போது அந்தத் துளியால் கொஞ்சம் மின்சாரம் பிறக்கும். அது சுருளில் ஓடிக் காந்தத்தை வலுவாக்கும், வலுத்த காந்தம் இன்னும் மின்சாரம் தரும். இப்படித் தன்னைத் தானே ஏற்றிக்கொள்வதுதான் டைனமோ.

பல வருஷம் சும்மா கிடந்த வண்டியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். அந்தத் துளி காந்தம் போய்விட்டால், எவ்வளவு முறுக்கினாலும் சார்ஜ் ஏறாது. மெக்கானிக் டைனமோவின் வயர்களைக் கழற்றிவிட்டு, பேட்டரியிலிருந்து ஒரு வயரை, காந்தச் சுருளுக்குப் போகும் எஃப் முனையில் தொட்டு உடனே எடுப்பார். சின்னதாக ஒரு பொறி. இரும்புக்குக் காந்தம் திரும்பிவிடும்.

இதற்கெல்லாம் கனத்த இரும்பு உடல், செம்புச் சுருள், உள்ளே சுழலும் ஆர்மேச்சர், அதில் உரசி மின்சாரம் எடுத்துத் தேயும் கார்பன் எல்லாம் வேண்டும். அத்தனையும் சுமந்து, இந்தப் பழைய வண்டிகளில் வரும் லூக்காஸ் கம்பெனியின் ஈ3எல் டைனமோ தருவது 60 வாட்.

லேசான புது வகையில் காந்தம் சுழலும், காயில் என்கிற செம்புச் சுருள் அசையாமல் நிற்கும். கார்பன் கிடையாது. வருவது மாறுதிசை மின்சாரம் என்பதால் பேட்டரிக்குப் போகும் வழியில் ரெக்டிஃபையர் அதை நேராக்கும். இதற்கு ஆல்டர்னேட்டர் என்று பெயர். லத்தீனில் ஆல்டர் என்றால் மற்றது, மாறி மாறி வருவதைச் சொல்கிறது. ஆனால் சீமென்ஸ் காலத்துப் பிரிவினைப்படி பார்த்தால் நிலைக்காந்தம் வைத்த இது மேக்னெட்டோ வகை. ஒர்க்‌ஷாப்பில் மேக்னெட், காயில் பிளேட் என்று சொல்கிறவர்கள் வாயில் வருவதுதான் சரியான பெயர். ஒரே சிக்கல், பழைய பிரிட்டிஷ் வண்டியில் தீப்பொறிக்கு வேறொரு மேக்னெட்டோ உண்டு. கீழே மேக்னெட்டோ, அதன் முதுகில் டைனமோ, இரண்டும் சேர்ந்து மேக்டைனோ. நாம் கழற்றுவது மேலே இருப்பதை மட்டும்.

தமிழில் ஜெனரேட்டருக்கு மின்னாக்கி என்ற சொல் நன்றாக நிலைத்துவிட்டது. இலங்கையில் மின்பிறப்பாக்கி என்பார்கள். ஆல்டர்னேட்டரை மாறுமின்னாக்கி என்பதும் தப்பில்லை. ஆனால் கார் ஆல்டர்னேட்டரில் சுழல்வது பெரும்பாலும் மின்காந்தம், பைக்கில் சுழல்வது நிலைக்காந்தம். அதனால் டைனமோவுக்கு நேர்மின்னாக்கி, பைக்கின் இந்த லேசான இயந்திரத்துக்குக் காந்த மின்னாக்கி என்று வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. மின்மாற்றி என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது, அது டிரான்ஸ்ஃபார்மர்.

காந்தம் என்ற சொல் வடமொழி அயஸ்காந்தத்திலிருந்து வருகிறது. இரும்புக்குப் பிரியமானது என்று பொருள். இயந்திரம் இவ்வளவு சிறுத்ததற்குக் காரணமும் காந்தம்தான். 1980-களில் வந்த நியோடிமியம் காந்தம் சின்ன அளவிலேயே பலமாக இழுக்கும், ஆனால் சூட்டில் பலம் இழக்கும். எஞ்சின் பக்கத்திலேயே உட்காருவதற்கு இது பெரிய குறை. சூடு தாங்க அதில் டிஸ்ப்ரோசியம் சேர்ப்பார்கள். அந்த அரிய மண் இன்று பர்மாவின் வடக்கே நம் கச்சின் மலைகளில் தோண்டப்பட்டுச் சீனாவுக்குப் போகிறது. அங்கே மலையும் ஆறும் படும் பாட்டை நினைத்தால் மனசு கனக்கிறது.

பெயர் குழம்பினால் கைக்காசு போகும். பேட்டரி மின்சாரம் திரும்பி ஓடாமல் தடுக்கும் கட்அவுட், சார்ஜை அளவாக வைக்கும் ரெகுலேட்டர் என்று டைனமோவுக்குரியவை காந்த மின்னாக்கிக்கு ஆகாது. கடையில் "டைனமோ ரெகுலேட்டர்" என்று கேட்டால் அதைத்தான் கொடுப்பார்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனைதான் எர்த், அதாவது வண்டியின் உடலோடு சேர்வது. டைனமோவை எந்தப் பக்கத்துக்கும் பழக்கிவிடலாம், ஆனால் ரெக்டிஃபையரில் மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு, முனை மாறினால் அப்போதே எரிந்துவிடும். ஆகவே ரெகுலேட்டர் வாங்கும்போது காந்த மின்னாக்கிக்கு, இத்தனை வோல்ட், எர்த் இந்த முனை என்று மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள்.