இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் ஏன் குரோன் நோய்?

ஒருகரு இரட்டையருக்கு மரபணு ஒன்றுதானே, பிறகு எப்படி ஒருவருக்கு மட்டும், குடலில் நீடித்த அழற்சியை உண்டாக்கும் குரோன் நோய் வருகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். குடல் அழற்சி நோய்களோடு தொடர்புடைய 200-க்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் தெரியும். அவை பாதிக் கதைதான். எந்த மரபணு விழித்திருக்கிறது, எது உறங்குகிறது என்பது மீதிக் கதை.

டிஎன்ஏவின் எழுத்துகளில் சைட்டோசினை அடுத்துக் குவானின் வரும் இடங்களில், சைட்டோசின்மீது மீத்தைல் என்ற சிறு வேதிக்குழு ஒட்டிக்கொள்ளும். மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதியில் இது மிகுந்தால் மரபணு பெரும்பாலும் அடங்கிவிடும். செல் பிரியும்போது புது இழை மீத்தைல் இல்லாமல்தான் உருவாகிறது. பழைய இழையில் மட்டும் மீத்தைல் உள்ள இடத்தை யுஎச்ஆர்எஃப்1 என்ற புரதம் கண்டுபிடிக்க, டிஎன்எம்டி1 என்ற நொதி வந்து புது இழையிலும் ஒட்டுகிறது. பழையதில் இல்லையென்றால் புதியதிலும் இல்லை. ஆக, வெறுமையும் வாரிசுக்குப் போகிறது!

குடலில் இது எங்கே முக்கியம்? அழற்சியை அடக்கும், ‘ஒழுங்குபடுத்தும் டி செல்கள்’ என்ற நோயெதிர்ப்புச் செல்களில். அவற்றை ஆள்வது ஃபாக்ஸ்பி3 மரபணு. அதன் உள்ளே ஒரு சிறு பகுதி சாதாரண டி செல்லில் மீத்தைலோடு இருக்கும். மார்பிலுள்ள தைமஸ் சுரப்பியில் உருவான ஒழுங்குபடுத்தும் செல்லில் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையில் ஃபாக்ஸ்பி3 புரதமே வந்து அமர்ந்து தன் மரபணுவைத் தொடர்ந்து இயக்குகிறது. ஆய்வகத்தில் சாதாரண டி செல்லுக்கு டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதத்தைக் கொடுத்தாலும் ஃபாக்ஸ்பி3 தோன்றும். ஆனால் அந்தப் பகுதியில் மீத்தைல் பெரிதும் அப்படியே இருப்பதால், டிஜிஎஃப்-பீட்டாவை நிறுத்தியபின் செல்கள் பிரியப் பிரிய அது மங்கிவிடும்.

அளப்பதில் பொறிகள் உண்டு. மீத்தைலை அளக்கப் பயன்படும் பைசல்பைட் வினை, மீத்தைல் இல்லாத சைட்டோசினை மட்டும் யுராசில் என்ற வேறு எழுத்தாக்கும். வினை அரைகுறையானால் வெறும் சைட்டோசினும் மீத்தைல் உள்ளதாகத் தெரியும். ஃபாக்ஸ்பி3 எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், பெண்களின் இரண்டு எக்ஸ்களில் அடைபட்ட ஒன்றில் அந்தப் பகுதி மீத்தைலோடுதான் இருக்கும். ஆகவே அவர்களின் தூய ஒழுங்குபடுத்தும் செல்களிலும் வெறுமை 50 சதவீதம்தான் வரும். இரண்டால் பெருக்க வேண்டும். முழு இரத்தத்தை அளந்தாலோ, அழற்சியில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் கூடியதே மீத்தைல் மாற்றம் போலக் காட்டும்.

காரணமா, விளைவா என்பதும் கேள்வி. குரோன் உள்ள சிறுவர்களின் இரத்தத்தில் நோய் கண்டறிந்தபோது தெரிந்த மாற்றங்களில் பெரும்பாலானவை, சிகிச்சையில் அழற்சி தணிந்ததும் மறைந்தன. அவை நோயை உண்டாக்கியவை அல்ல, நோய் விட்ட தடங்கள். இது தெரிந்தும் ஒருமுறை எடுத்த இரத்த மாதிரிகளுக்கே நிதியைக் கொட்டுவது வீண் என்பேன். குடல் திசுவின் செல்களை வகை பிரித்து, அதே நோயாளியை ஆண்டுக்கணக்கில் தொடரும் ஆய்வுக்குத் தர வேண்டும். ‘மரபணுவை ரீசெட் செய்யும்’ பொடி விற்பவர்களிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: எந்தச் செல்லில், எந்த இடத்தில்?